ஆறாம் நம்பர் லயத்துக்கு மேல் நெருப்பு

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் நம்பர் லயத்தின் கூரைக்கு முப்பதடி உயரத்தில், பொங்கலுக்கு மறுநாள் காலை ஒரு நெருப்பு எதையும் பற்றிக்கொள்ளாமல் வந்து நின்றது. கைப்பிடி அளவுதான். கடல் வாடை அடித்தது. நேர் கீழே மேனுஷாவின் வீடு. அவள் புருஷன் புவனேந்திரன் வளைகுடாக் கடலின் நடுவே, எரிவாயு எடுக்கும் இரும்பு மேடையில் இரண்டு வருடமாக வேலை பார்த்தான். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். மேடையிலிருந்து தள்ளி, கடலுக்கு மேல் நீண்டிருக்கும் கோபுரத்தின் நுனியில் எரிகிற நெருப்பு அது. குழாய்களில் அழுத்தம் ஏறினால் மிஞ்சும் வாயுவை அந்த வழியே விட்டு, ஆட்களுக்கு எட்டாத தூரத்தில் எரித்துவிடுவார்கள் என்றும், அதற்காகவே ஒரு சின்னச் சுடர் எந்நேரமும் அணையாமல் இருக்கவேண்டும் என்றும் விளக்கினான்.

தோட்டத்துத் துரை வந்து, கூரைத் தகரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள் இதற்குப் படிவம் இல்லை என்றார்கள். சனங்கள் பழகிப்போனார்கள். மழை மாதம் முழுக்க லயத்துத் துணியெல்லாம் மேனுஷாவின் வாசலில்தான் காய்ந்தது.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மேனுஷா நிமிர்ந்தபோது லயத்துக்கு மேல் வெறும் வானம்தான் இருந்தது. கூடையை இறக்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்னங்க, ஒங்க நெருப்பு அணைஞ்சிருச்சு."

"இங்க போர்டுல எரியுதுன்னுதானே காட்டுது."

"போர்டு கெடக்கட்டும். நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நெருப்பு இல்லீங்க."

அன்று அங்கே மணற்காற்று. கோபுர நுனி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வீட்டிலிருந்து மனைவி பார்த்துச் சொல்கிறாள் என்று புவனேந்திரன் மேலாளரிடம் சொன்னான். முப்பது வருடம் கடலில் கழித்த அந்த மனிதர், வீடு எங்கே என்று கேட்கவில்லை. சுடரை மறுபடி ஏற்றச் சொன்னார். பத்து நிமிடத்தில் லயத்துக்கு மேல் கைப்பிடி நெருப்பு வந்து நின்றது. அடுத்த அரைமணியில் மேடையில் ஓர் இயந்திரம் நின்றுபோய் அழுத்தம் எகிற, அத்தனை வாயுவும் கோபுரத்துக்குப் பாய்ந்தது. எரியாமல் போயிருந்தால் எண்பத்து நான்கு பேர் நிற்கும் மேடைக்கே காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும். லயத்துக்கு மேல் நெருப்பு உயர்ந்த டர்பன்டைன் மரங்களையும் தாண்டி எழுந்து இரைந்தது. சேவல்கள் கூவின. மேனுஷா தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அது சுருங்கியது. போன் அடித்தது.

"எல்லாரும் நல்லா இருக்கோம், மேனுஷா. சோறு திங்கப் போறோம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து நிரையில் நின்ற லீலா விஷயத்தைக் கேட்டு, மலை முழுக்கக் கேட்கும்படி குலவை போட்டாள்.

மேலாளர் சுடருக்குக் காவல் இருக்கும் ஆட்களின் பட்டியலில் மேனுஷாவின் பெயரையும் எழுதி மேடைச் சுவரில் ஒட்டிவைத்தார். அவள் பதுளைக்குப் போகிற நாட்களில் லீலா பார்த்துச் சொல்கிறாள். லயத்துக்கு வரப் பசறை பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இப்போது 'நெருப்படி' என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். கொண்டக்டரும் நிமிராமலே கிழித்துக் கொடுக்கிறார்.