வால் ஒளிஞ்ச முடிச்சு

அந்தத் தோட்டத்துல ஒரு சட்டம் உண்டு. கீரை வளர்க்கிறவங்க, அதை வாங்க வர்றவங்க முகத்தைப் பார்க்கக்கூடாது.

சனிக்கிழமை காலையில வந்து பறிச்சு, மண்ணு போகக் கழுவி, கட்டுக் கட்டிப் பெட்டியில அடுக்கணும். முதல் விசில் ஊதினதும் கையைத் துடைச்சுக்கிட்டு வெளியே போயிடணும். தெருக்கோடியில ஒரு மதில் வளைவு. பசியோட வர்றவங்க அதுக்குப் பின்னாடி நிப்பாங்க. ரெண்டாவது விசில் அவங்களுக்கு. வந்து வேணுங்கிறதைக் காசில்லாம அவங்களே எடுத்துப்பாங்க. விசில் ஊதுறவர் ஒரு பழைய பஸ் கண்டக்டர். வேலை அவரை விட்டாலும் விசிலை அவர் விடலை. குடுக்கிற கை தெரிஞ்சா வாங்குற கை கூசும்னு, புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிற மாதிரி சொல்லுவார்.

தையக்காரம்மாகிட்டயும் சொன்னார். ஆனா அவங்க அங்க வந்ததே ஒரு முகத்தைப் பார்க்கத்தான்.

அவங்க கடைக்குப் பக்கத்துல ஒரு மெக்கானிக் இருக்கான். "அக்கா, உங்க பையனை அந்தத் தோட்டத்து வரிசையில பார்த்தேன். ஆளே பாதியா ஆயிட்டான்"னு அவன்தான் வந்து சொன்னது. பையன் வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிஞ்சிருந்துச்சு. அச்சகத்துல வேலை போயி வீட்டுலேயே கிடந்தான். ஒரு மத்தியானம், ரெண்டு வாடிக்கைக்காரங்க துணி குடுக்க வந்து நிக்கிற நேரம், இந்தம்மா அவன் தட்டைப் பார்த்து, "குந்தித் தின்னா குன்றும் மாளும்"னாங்க. ஊரு உலகத்துல எல்லா அம்மாவும் சொல்றதுதான். பையன் பிசைஞ்ச சோத்துலேருந்து கையை எடுத்தான். கழுவக்கூட இல்லை. அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவன்தான்.

முகத்தைப் பார்க்க முடியாதுன்னா வேற என்ன செய்யலாம்னு தையக்காரம்மா யோசிச்சாங்க. அங்க ரப்பர் பேண்டு போட்டுத்தான் கீரை கட்டுவாங்க. ரப்பர் பேண்டு தண்டை நசுக்குது, கடையில மிச்ச நூல் மலையாக் கிடக்குது, கொண்டு வர்றேன்னாங்க. கண்டக்டர் சரின்னுட்டார். கட்டைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு நூலை வீணாக்காம இந்த டப்பாவுல போடுங்கன்னு, வாங்க வர்றவங்களுக்கு ஒரு அட்டையில எழுதியும் வச்சார்.

அவங்க போட்டது சாதாரண முடிச்சு இல்லை. பையன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ, பள்ளிக்கூடத்துல எவனோ அவன் சாப்பாட்டை டப்பாவோட காலி பண்ணிக்கிட்டு இருந்தான். அதுக்காக டப்பாவைச் சுத்திக் கட்ட இந்தம்மா ஒரு முடிச்சு கண்டுபிடிச்சாங்க. பார்த்தா இறுகின முடிச்சு, நகம் பெயர்ந்தாலும் வராது. வால் மட்டும் உள்ளே ஒளிஞ்சிருக்கும். தெரிஞ்சவன் அதைத் தடவி ஒரு இழு இழுத்தா போதும், மொத்தமும் கழண்டு வந்துடும். திருடன் கடைசி வரைக்கும் அதைக் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சிருந்தா பெரிய ஆளா வந்திருப்பான்.

அடுத்த வாரம் டப்பாவைத் திறந்தா எல்லாம் வெட்டின நூல், பல்லால கடிச்ச நூல். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். அப்புறம் ஒரு சனிக்கிழமை, குப்பையா கிடந்த துண்டுகளுக்கு நடுவுல ஒரு முழு நூல். வெட்டு இல்லை, கடி இல்லை. இழுத்துக் கழட்டினது. தையக்காரம்மா அதை விரல்ல சுத்திக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் நின்னாங்க. என்னக்கா கண்ணு சிவந்திருக்கு, பூச்சி கடிச்சிருச்சான்னு கூடக் கீரை கட்டுற நர்சம்மா கேட்டாங்க. ஆமா, பூச்சிதான்னாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். பெத்த மனசு நிக்குமா? வாராவாரம் ஒரு முழு நூல் வந்துச்சு. வர வர ஆசை வளர்ந்துச்சு. ஒரு நாள் விசில் ஊதினதும் எல்லாரோடவும் கிளம்புற மாதிரி கிளம்பி, அவரைக்கொடிப் பந்தலுக்குப் பின்னாடி குந்திட்டாங்க. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன், பேசக்கூட மாட்டேன்னு யாருகிட்டயோ மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டாங்க.

ரெண்டாவது விசில் ஊதுச்சு. இலைச் சந்துல கால்கள் தெரிஞ்சுது. அப்புறம் அவன். அவங்க தைச்சுக் குடுத்த சட்டைதான், இப்போ ரெண்டாள் போடலாம் போல தொளதொளன்னு இருந்துச்சு. கேட்டைத் தாண்டி வந்தவன் சட்டுன்னு நின்னான். பந்தக் கம்புல அவங்க குடை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கறுப்புக் குடை, கிழிஞ்ச இடத்துல சிவப்புத் துணி வச்சு இவங்களே தைச்சது. ஊருல வேற எங்கேயும் அப்படி ஒண்ணு கிடையாது. ஒளிஞ்ச மனுஷிக்குக் குடையை ஒளிக்கத் தோணலை.

அவன் திரும்பி நடந்தான். கையில வெறும் பை ஆடிக்கிட்டே போச்சு.

எல்லாரும் போனப்புறம் கண்டக்டர் பந்தலுக்கு வந்தார். திட்டுவார்னு பார்த்தாங்க. அவர் தரையிலேயே உக்காந்தார். அழுகைக்கு நடுவுல இவங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சாங்க. அவர் விசிலைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்:

"முப்பது வருஷம் வண்டியில போயிருக்கேம்மா. டிக்கெட் எடுக்காதவனைக்கூட நடுவழியில இறக்கிவிட்டதில்லை. நீங்க இறக்கி விட்டுட்டீங்க."

அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெட்டின நூல்தான். தையக்காரம்மாவுக்குச் சோறு இறங்கலை. தட்டுல கையை வச்சா அந்த வெறும் பை கண்ணு முன்னாடி ஆடும். தோட்டத்துக்கு வர்றதை நிறுத்திடலாமான்னு நினைச்சாங்க. நிறுத்தினா அது அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா எங்கேயாவது ஒளிஞ்சிருப்பான்னுதானே நினைப்பான்? அம்மா போறதை அவன் கண்ணால பார்க்கணும்.

அந்தச் சனிக்கிழமை முதல் விசிலுக்கு முன்னாடியே குடையை விரிச்சுக்கிட்டு வெளியே வந்தாங்க. வானம் மூடாக்கா இருந்துச்சு.

"மழையும் இல்லை, வெயிலும் இல்லை. புதுசா வாழ்வு ஏதும் வந்திருச்சாக்கா?"ன்னு நர்சம்மா சிரிச்சாங்க.

"வரட்டும்னுதான் பிடிக்கிறேன்"னுட்டு நடந்தாங்க.

மதில் வளைவுகிட்ட வந்ததும் குடையை நல்லா தாழ்த்திக்கிட்டாங்க. சிவப்புத் துணி வெளியே தெரியணும், தன் கண்ணுக்கு யார் முகமும் தெரியக்கூடாது. நின்னவங்க கால் மட்டும் தெரிஞ்சுது. செருப்புப் போட்ட கால், போடாத கால், வெடிச்ச கால். இதுல எது அவன் காலுன்னு தேடலை. தேடினா தலை தானா நிமிர்ந்துடும். அவசரப்படாம, எல்லாரும் பார்க்கிற மாதிரி, அந்த வரிசை முழுக்கக் கடந்து போனாங்க.

பின்னாடி ரெண்டாவது விசில் கேட்டுச்சு. கால்கள் நகர்ற சத்தம் கேட்டுச்சு. கழுத்து திரும்பத் துடிச்சுது. குடைக்காம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க.

அடுத்த வாரம் டப்பாவை மடியில கவுத்தாங்க. வெட்டினது, கடிச்சது, பிய்ச்சது. எல்லாத்துக்கும் அடியில சுருண்டு கிடந்துச்சு ஒரு முழு நூல்.

அதை நீவி நீவி நேராக்கி, அதே நூலால நல்ல இளங்கீரையாப் பார்த்து ஒரு கட்டுக் கட்டி, வாலை உள்ளே தள்ளினாங்க. கண்டக்டர் இன்னும் விசிலை வாயில வைக்கலை. தையக்காரம்மா எழுந்து குடையை எடுத்துக்கிட்டாங்க.