மூன்று பணிகளுக்கு ஒரு நாட்காட்டி

நாற்பத்தெட்டாம் வயதில் நான் திட்டமிடல் மென்பொருளைக் கற்றேன். குன்னூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் மேற்பார்வையாளனான எனக்கு, அதுவரை சட்டைப்பைக் குறிப்பேடே துணையாயிருந்தது. ஆறு மாதப் பயிற்சியின் பயனாக, மூன்று பணிகளை ஒரே திரையில் நடத்தும் தகுதியை அடைந்தேன். அதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

அப்பணிகளாவன: ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியின் கூரை, இத்தலாரில் ஒரு காய்கறிக் கிடங்கு, மஞ்சூரை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னே ஒரு தடுப்புச்சுவர். மூன்றுக்கும் கொத்தனார் கருப்புசாமியின் குழு ஒன்றே.

மழை நாட்களைக் குறிக்குமாறு மென்பொருள் கேட்டது. குன்னூரில் மழையென்றால் அக்டோபரும் நவம்பரும்தான். அவ்வாறே குறித்து, அந்த நாட்காட்டியையே மூன்று பணிகளுக்கும் பொருத்தினேன். சுவர் வேலையை நாற்பது நாள் தள்ளிப்போடலாம் என்று பச்சை நிறத்தில் தோன்றியது. விடுதியோ ஜூனில் திறக்கப்பட வேண்டும். எனவே மே மாத நடுவில் குழுவை ஊட்டிக்கு மாற்ற முடிவு செய்தேன்.

"ஏனுங்க சார், அஸ்திவாரம் தோண்டிப் போட்டாச்சு. இப்படியே உட்டுட்டுப் போனா மண்ணு நிக்குங்களா?" என்றார் கருப்புசாமி.

லயத்தில் குடியிருந்த முதியவர் வீரையாவும் வந்தார். "எங்க பக்கம் ஆனியிலயே ஊத்திருமுங்கய்யா. நீங்க வெட்டுன எடத்துக்குக் கீழதான் எங்க அடுப்படி. எம் பொஞ்சாதி ஆண்டாயி அங்கதான் ஆக்கணும்."

"இன்னும் நாப்பது நாள் இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லுது, பாருங்க."

வீரையா திரையைக் கூர்ந்து நோக்கினார். "கலரு நல்லாத்தான் இருக்கு. இது எப்பவாச்சும் பஸ் ஏறி மஞ்சூருக்கு வந்துருக்குங்களாய்யா?"

கருப்புசாமி வாய்விட்டுச் சிரித்தார். நான் மடிக்கணினியை மூடினேன்.

குழு ஊட்டியில் இருக்க, ஜூன் மூன்றாம் வாரத்தில் மஞ்சூரில் மழை பிடித்தது. நான்காம் நாள் காலை, வெட்டிய மேடு சரிந்து அடுக்களைச் சுவரைத் தள்ளிற்று. ஆண்டாயி உயிர் பிழைத்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. வீரையா ஓய்வு பெற்றவர். மனைவி கொழுந்து பறித்த வேலையின் பேரில்தான் அவ்வீடு அவர்களிடம் இருந்தது.

மருத்துவமனைக்குச் சென்றேன். "வாங்கய்யா, ஒக்காருங்க. ஒரு தேத்தண்ணி குடுக்கக்கூட வழியில்லாமப் போச்சு" என்றார் ஆண்டாயி.

பிழை என்னுடையது என்று சொல்லவே வந்திருந்தேன். "மழை ரொம்ப அதிகம்மா" என்று சொன்னேன்.

"ஆமாங்கய்யா. மழைய யாரு புடிச்சு வைக்கிறது?"

வீரையா என்னை நோக்கினார்.

அன்று மாலை, தாமதத்திற்கான காரணத்தைக் கேட்கும் மென்பொருள் கட்டத்தில் 'எதிர்பாராத மழை' என்று எழுதினேன். தலைமை அலுவலகம் ஒரு கேள்வியும் கேளாமல் ஏற்றுக்கொண்டது. மஞ்சூருக்குத் தனி நாட்காட்டி ஒன்றும் அமைத்தேன். ஆகஸ்டில் சுவர் முடிவுற்றது. அதற்குள் வீரையாவின் வீடு காலியாகியிருந்தது.

அக்கட்டத்தில் உள்ள சொற்களைத் திருத்தும் அனுமதி என் ஒருவனுக்கே உண்டு. இன்றளவும் நான் திருத்தவில்லை.