ஆட்டுக்குட்டி படமெடுத்தது

1.

இது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் ஒரு திருத்தப்படியிலிருந்து வந்த கதை. வரும் ஞாயிறோடு என் மனைவி டோரீன் இறந்து ஒரு வருடம். அன்று வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவள் எழுதிய மாயக் கதையைச் சிறு புத்தகமாக அச்சிடுகிறோம். அவள் அண்ணன் நோயலின் ஏற்பாடு.

(முதலில் ‘பொம்மனஹள்ளியில் அன்று மழை’ என்று தொடங்கினேன். மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2.

அவள் கதையில் ஒரு நகரத்தையே விஷக்காய்ச்சல் பிடிக்கிறது. நடுச்சந்தியில், கம்பத்தின் மேல் சிறகுள்ள பாம்பு. அதை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் பிழைக்கிறார்கள். அந்த நகரத்து ராணி மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

நோயலுக்குப் பாம்பு ஆகவில்லை.

“தப்பா நினைக்காதீங்க மாப்ள. உங்களைக் கட்டினதும் டோரீன் அரசமரத்தடி நாகக்கல்லுக்குப் பால் ஊத்தப் போயிட்டான்னு சபையில பேசுவாங்க. ஆட்டுக்குட்டின்னு மாத்திடுங்க, ஆண்டவருக்கு அடையாளம் அதுதானே.”

கதையில் வருவது எங்கள் வீட்டார் கும்பிடும் நாகக்கல் அல்ல. பைபிளில், பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க வனாந்தரத்தில் மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு, சிலுவைக்கு முன்னடையாளம் என்று டோரீன் எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மாற்றிவிடுகிறேன் என்றேன். வாதாட அப்போது எனக்கு

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

3.

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாம்பு வந்த இடமெல்லாம் ஆட்டுக்குட்டி என்று மாற்றினேன். வேறு எதையும் படிக்கவில்லை. நேற்று மாலை நோயல் திருத்தப்படியை வாய்விட்டுப் படித்தார்.

“‘ஆட்டுக்குட்டி சீறிப் படமெடுத்தது. பிளந்த நாக்கை நீட்டியது.’ என்ன மாப்ள இது? இதைப் பார்த்தா பிழைக்கிறவனும் செத்துடுவான்!”

அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பா.”

“ஆமா மச்சான்.” வெண்கலப் பாம்பைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா ஞாயிறு பள்ளியில நான்தான் சொல்லித் தரேன். சனங்க பேச்சுக்குப் பயந்துட்டேன். பாம்பே இருக்கட்டும். ஆனா ராணி பிழைச்சான்னு கடைசியில ஒரு வரி போடுங்க.”

4.

மருத்துவமனையில் டோரீன் எழுதிய கடைசி வரி: ‘ராணி மெல்லத் தலையை நிமிர்த்தி’. அவ்வளவுதான்.

பார்த்தாள், பிழைத்தாள் என்று எழுதினேன். என்னால் நம்ப முடியவில்லை. பார்க்கவில்லை என்று எழுதினேன். அது பொய். பார்த்தாள், பிழைக்கவில்லை. டோரீன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அதை ஜெபத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க முடியாது.

நாளை அச்சகத்துக்குப் போக வேண்டும். அவள் வரிக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காட்ட வேண்டாம்.