ஜேக்கப்பை மாற்றப் போகிறார்களாம்

டோல்கேட் டீக்கடையில் பிறக்கும் பேச்சுக்கு அப்பன் பெயர் கிடையாது. ஒரு டீ ஆறுவதற்குள் அங்கே மந்திரியை மாற்றுவார்கள், மில் மானேஜரை மாற்றுவார்கள். ஐம்பத்து நாலாம் வருஷம், கேடயப் போட்டி தொடங்கிய சமயம், அவர்கள் கைக்கு அகப்பட்டவன் ஜேக்கப்.

ஜேக்கப் இரும்புக் கம்பெனி கால்பந்து டீமின் கோச். ராயபுரத்துக்காரன். ஒரு காலத்தில் அவன் தடுப்பைத் தாண்டிப் பந்து போனால் ஆட்டக்காரன் போக மாட்டான் என்று பெயர். முட்டி போன பிறகு கம்பெனிக்காரர்கள் அவனை வார்ப்படச் சாலையில் உலைக்கு முன்னால் நிறுத்தினார்கள். போன வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் பழைய கோச் ஊரைப் பார்க்கப் போய்விட, அந்த இடம் இவனுக்குக் கிடைத்தது. மத்தியானத்துக்கு மேல் உலையை விட்டு மைதானத்துக்குப் போகலாம். பதினோரு பேர் இவன் விசிலுக்கு ஓடுவார்கள். கோச் வேலை போனால் மறுபடியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உலைதான், மைதானத்தை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். 

"இன்னா மாமு, பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் வரானாமே, உன் எடத்துக்கு?" என்று கேட்டவன் பொன்னுரங்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஆனால் டீம் விஷயம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"யார் சொன்னது?"

"அல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

இரண்டு நாள் கழித்துப் பெங்களூர்க்காரன் கல்கத்தாக்காரன் ஆனான். அதற்கடுத்த வாரம் பொன்னுரங்கமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெளியாளு இல்லியாம் மாமு. உள்ளாளுதானாம். உஷாரா இரு," என்றான். உள்ளாள் யார் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினான். தெரியாததை இப்படித் தெரிந்த மாதிரி பிதுக்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

ஜேக்கப் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது.

டீமில் பாதிப் பேர் காத்திவாக்கம் குப்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மீன் விழுந்தால் அதன் தலை, அந்தக் கட்டுமரத்துக்கு யார் தலைவனோ அவன் வீட்டுக்குப் போகும். அதை விற்கவும் மாட்டார்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த வழக்கத்தை அவர்கள் மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். சனிக்கிழமை ஜெயித்தால், ஞாயிறு காலையில் கோல்கீப்பர் ராமதாஸ் பனையோலைக் கூடையில் கொடுவா மீன் தலையோடு ஜேக்கப் வீட்டு வாசலில் நிற்பான். தெருவே பார்க்கும். கம்பெனி கொடுத்த பதவியைவிட ஜேக்கப்புக்கு அந்தத் தலை பெரிது.

அந்தச் சனிக்கிழமை ரயில்வே டீமை வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். மறுநாள் பூசை முடிந்து வந்த ஜேக்கப் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். உள்ளே அவன் மனைவி சிலுவையம்மாள் மிளகாய் அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டதால் அந்த வீட்டில் கறி கிடையாது, மீனை விட்டால் வேறு கதியில்லை. உச்சி வெயில் வரைக்கும் ராமதாஸ் வரவில்லை.

"மீனு அம்புட்டிருக்காது. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறியே," என்றாள் அவள். அரைத்த மிளகாயைக் கத்தரிக்காயில் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தார்கள். அடுத்த ஞாயிறும் தலை வரவில்லை. ஜேக்கப் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சும்மா போகிறவன் மாதிரி தண்டையார்பேட்டைப் பக்கம் போனான். டீமின் கேப்டன் எதிராஜ் வீடு அங்கேதான். தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டான். ராமதாஸ் வெறுங் கூடையை வீசிக்கொண்டு எதிராஜ் வீட்டிலிருந்து வெளியே வந்தான். வாசலில் எதிராஜின் மனைவி கோவிந்தம்மா கொடுவாத் தலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளாள்! ஜேக்கப் சைக்கிளை அப்படியே திருப்பினான். ஒரே தட்டில் சோறு தின்ற பயல். தலையையே கொடுத்துவிட்டார்கள் என்றால் தலைவனை மாற்றிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, இவனுக்குத்தான் கடைசியில்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிலுவையம்மாளும் அதைத்தான் சொன்னாள். "தல எங்கேன்னு நான் கேக்கறதா? கேட்டு வாங்கினா அது மருவாதியா?" என்று அவள் மேல் பாய்ந்தான். மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு, மனசை மட்டும் நாய் மாதிரி அவிழ்த்து விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் சதி. டீமில் இன்னொரு ஆட்டக்காரனான கமாலோடு எதிராஜ் தனியாகப் பேசினால் சதி, ஜேக்கப் வந்ததும் பேச்சை நிறுத்தினால் பெரிய சதி. பயிற்சி நேரத்தில் எதிராஜை மட்டும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டான். சின்னத் தப்புக்கெல்லாம் எல்லார் முன்னாலும் கிழித்தான். எதிராஜ் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் திமிர் என்றிருப்பான், பேசாததால் கள்ளன் என்றான். பாவம், அந்த எதிராஜ் எப்படித்தான் நடந்துகொள்வது?

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஜேக்கப்பால் பொறுக்க முடியவில்லை. நேராக லேபர் ஆபீசர் ரகுபதியின் அறைக்குப் போனான். டீமின் செக்ரட்டரியும் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார், துடைத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்வார்.

"சார், என்னை மாத்தறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

"யாரு மாத்தறா? பெங்களூர் ஆள் பேச்சா? அது போன மாசமே முடிஞ்சு போச்சே. வீடு வேணும்னான், இல்லேன்னுட்டோம்."

அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்திருந்தால் கதை வேறு. ஜேக்கப்புக்கு அது ஏறவில்லை. இவரும் மறைக்கிறார் என்றுதான் தோன்றியது.

"பெங்களூர் இல்ல சார், எதிராஜு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறீங்களா? பசங்க அல்லாரும் அவன் பக்கம் போய்ட்டாங்க. இப்ப டீமுக்கு அவன்தான் தலைவன். நான் சும்மா பொம்மை!"

ரகுபதி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "எதிராஜா?" என்றார். சன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லையே ஜேக்கப். பசங்க அவன் சொல்றதைத்தான் கேக்கறாங்கன்னு நீயே சொல்றே. சரி, நான் பாத்துக்கறேன். நீ போ."

பாத்துக்கறேன் என்றால் எதிராஜைக் கண்டித்து வைப்பார் என்று ஜேக்கப் எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் கொஞ்சம் விசிலடித்துக்கொண்டுகூட வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்த ராமதாஸ், இவனைப் பார்த்ததும் கேட்டான்.

"அண்ணாத்தே, உன் நோம்பு எப்போ முடியுது?"

"ஏன்டா?"

"கொடுவா தலை எல்லாம் வீணா எதிராஜு அண்ணன் வூட்டுக்குப் போய்க்கினு கீதே! நோம்பு ஆரம்பிச்ச அன்னிக்கு நீ கோயில்லேர்ந்து நெத்தியில சாம்பல் வெச்சிக்கினு வந்தே. கமாலு கறி சமோசா குட்த்தான், நாப்பது நாளு நோம்புன்னு தள்ளிட்டே. எங்க குப்பத்துல நோம்புன்னா மீனு வாசனைகூட வூட்டாண்ட வரக்கூடாது. அதான் உன் வூட்டு வாசப்படி மிதிக்கல. தலைய விக்கவும் கூடாதே, உன் நோம்பு முடியற வரைக்கும் கேப்டன் வூட்ல குடுப்போம்னு நாங்கதான் பேசி வெச்சோம். எதிராஜு அண்ணன் வாணான்னுதான் சொல்லிச்சு."

 தவக்காலத்தில் கறிதான் கூடாது, மீன் சாப்பிடலாம் என்று ராயபுரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். காத்திவாக்கத்துக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? இவனுடைய விரதத்தை இவனைவிட அக்கறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள், படுபாவிகள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முட்டி வலியை மறந்து ஆபீசுக்கு ஓடினான். சார், நான் சொன்னது அத்தனையும் தப்பு, எதிராஜ் தங்கமானவன், எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆபீஸ் படியிலேயே எதிராஜ் எதிரே வந்தான். வந்த வேகத்தில் ஜேக்கப்பைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணாத்தே, இன்னா வேலை பண்ணிட்டே நீ! அடுத்த சீசன்லேர்ந்து என்னை கோச்சா இருன்னு சார் சொல்றாரு. முடியாதுன்னுட்டேன். ஜேக்கப் அண்ணன் இருக்கசொல்ல நான் அந்த எடத்துல நிக்க மாட்டேன்னு சொன்னேன். அப்பதான் சொன்னாரு, ஜேக்கப்பே வந்து உன் பேர சொன்னான்னு. மெய்யாலுமா அண்ணாத்தே? நீயா சொன்னே?"

ஜேக்கப் வாயைத் திறந்தான். உள்ளே ரகுபதி இருக்கிறார், கதவு திறந்துதான் இருக்கிறது. இரண்டு வார்த்தையில் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம். உன்னைக் கெடுக்கத்தான் சொன்னேன், நீ என் இடத்தைப் பிடுங்குகிறாய் என்று கோள் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் போதும், கோச் வேலை மிஞ்சும். எதிராஜ் மிஞ்ச மாட்டான்.

"இத்தினி நாளா என்னை மட்டும் நீ ஏன் பெண்டு நிமித்தினேன்னு மன்சு நொந்துகினு இருந்தேன்," என்று எதிராஜ் மூக்கை உறிஞ்சினான். "நீ என்னைத் தயார் பண்ணிகினு இருந்தேன்னு இப்பதானே தெரியுது."

"சொன்னேன்டா," என்றான் ஜேக்கப். "நான்தான் சொன்னேன்."

"பசங்க கிட்ட நீயே சொல்லிடு அண்ணாத்தே. நான் சொன்னா ஒதைக்க வருவாங்க."

இரண்டு பேரும் மைதானத்துக்கு நடந்தார்கள். எல்லாரும் பந்தை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் எதிராஜ்தான் கோச், நான் உலைக்கே போகிறேன் என்று ஜேக்கப் சொன்னதும் ராமதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அய்ய, இது டோல்கேட்டு பொரளி அண்ணாத்தே! எந்தக் கம்மனாட்டி சொன்னான் உன்கிட்ட?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தான் ஜேக்கப். ஒருத்தன்கூட அந்தப் பேச்சை நம்பவில்லை, இத்தனை வாரமாக ஒருத்தனும் நம்பியிருக்கவில்லை.

"நம்புடா," என்றான். "பொரளி இல்ல."