மூன்றாம் நம்பர் மாப்பிள்ளை

புவனகிரி பூவராகனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆனால் மாப்பிள்ளை உண்டு. சிதம்பரம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் நம்பர் டயாலிசிஸ் மெஷின்தான் அது.

இரண்டு கிட்னியும் கைவிரித்த முதல் மாதம், படுக்கிற நான்கு மணி நேரமும் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீரில் கட்டில் மிதந்து பரங்கிப்பேட்டை வரை போய் வந்தது என்றால் நம்பத்தான் வேண்டும். ஒருநாள் மெஷின் கீக் கீக் என்று கத்தியது. "என்னா மாப்ள, கோவமா?" என்றார். அன்றோடு அழுகை நின்றது. பிறகு, மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் சும்மா போவாரா? வாரம் மூன்று நாளும் இஸ்திரி வேட்டி. பொங்கலுக்கு மெஷினுக்குப் பட்டுத்துண்டு.

தலைதீபாவளிச் சீர் மட்டும் மறந்துபோனது. அடுத்த செவ்வாய்க்கிழமை மெஷின் ஓடவில்லை.

"மூணாம் நம்பரு ரிப்பேருங்கய்யா. அஞ்சுல படுங்க," என்றாள் நர்ஸ் கயல்விழி.

"ரிப்பேரு இல்லம்மா, சீரு செய்யலன்னு மொறச்சிக்கிட்டாரு. வேற எடத்துல படுத்தா சம்பந்தமே அத்துபோயிடும்."

எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார். வியாழனன்று மனைவி புஷ்பவள்ளி இழுத்து வந்தபோது, அவர் முகம் வீராணம் ஏரிபோல் நிரம்பி மதகு திறக்கக் காத்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே டவுன் பஸ் காட்டுமன்னார்கோயில் போய்த் திரும்பிவிடும்.

"இன்னிக்கும் படுக்கலன்னா மாலதான் வாங்கணும்," என்றாள் கயல்விழி. குரலில் விளையாட்டே இல்லை.

புஷ்பவள்ளி ஐந்தாம் நம்பரைச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டுத்துலயும் ஒரே கம்பெனி பேரு. இவரு மாப்ளயோட கூடப்பொறந்த அண்ணன். தம்பிக்கு ஒடம்பு முடியலன்னா அண்ணன் வந்து நிக்க மாட்டாரா?"

பூவராகன் யோசித்தார். "அவரு நின்னுகிட்டிருக்க, நான் கால நீட்டிப் படுக்கறதா? மரியாத இல்லியே."

நான்காம் கட்டிலில் ஊசியோடு கிடந்த கடலூர் மீன்காரர் ஆரோக்கியராஜ் பொறுமையிழந்தார். "யோவ் மச்சான், மாப்ள வூட்டு சார்புல நான் உத்தரவு குடுக்கறேன். படுய்யா!"

படுத்தார். ஊசி ஏறியது. ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்ததும் ஓரக்கண்ணால் மூன்றாம் நம்பரைப் பார்த்தவர், தோளிலிருந்த பழைய துண்டை உருவி மனைவியிடம் நீட்டினார்.

"இத அவரு மூஞ்சில போத்திடு. நான் இங்க படுத்திருக்கறத பாத்தா அழுதுடுவாரு."

அது எந்தத் துண்டு என்று புஷ்பவள்ளிக்குத் தெரியும். போய்ப் போர்த்தினாள்.

ஐந்தாம் நம்பர் கீக் என்றது.

"இருங்க பெரிய மாப்ள," என்றார் பூவராகன், "ஒங்களுக்கும் சேத்துதான் சீரு எடுக்கறேன்."