பூவரசங்குளத்து டெய்சி

பூவரசங்குளம் வீதியோரம் காடாய் முளைத்திருந்த ஆபிரிக்க டெய்சியில் புதிய வகை ஒன்று இருப்பதை வினோஜா கண்டுபிடித்தாள். சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரனுக்கெல்லாம் விளக்கம் சொல்லி, ஒன்றரை வருடம் வெயிலில் குந்தியிருந்து இதழ் அளந்தவள் அவள். ஆனால் அவள் படிப்பிக்கும் கல்லூரியின் தாவரவியல் துறைத் தலைவர் கனகலிங்கம் கையெழுத்து வைத்தால்தான் அறிக்கை வெளியே போகும்.

"முதல் என்ர பேர் வரவேணும்," என்றார் அவர், கதிரையில் சாய்ந்தபடி.

"நீங்கள் அந்தச் செடியை ஒருநாளும் பாக்கேல்லையே, சேர்."

"நேற்று வந்த நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ? பேர் இல்லாட்டிக் கையெழுத்தும் இல்லை. கெதியாச் சொல்லும், பதினொரு மணிக்கு நான் வீட்டை போகவேணும்."

"ஓம் சேர். உங்கட பேர்தான் முதல்."

மறுநாள் அறிக்கை வந்தது. தலைப்பு, 'கனகலிங்கம்: ஆபிரிக்க டெய்சியின் புதிய வகை'. முதற்சொல்லை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

"இப்பதான் ஒழுங்கு."

அவர் வாசிக்காத பகுதி இது: 'மற்ற வகை மாலைவரை விரிந்திருக்கும். கனகலிங்கம் பதினொரு மணிக்கே மூடிவிடும். கசக்கினால் நாறும். பக்கத்துச் செடியை வளரவிடாது. மாடும் தின்னாது.'

அதில் ஒரு பொய்யும் இல்லை. மாட்டுக்குக்கூட மூன்று தரம் கொடுத்துப் பார்த்திருந்தாள்.