பெயர் சொன்னால்தான் பேசலாம்

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை காலை, ரோவினா பெல்கி குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஊரார் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலத்தில் தொடங்கி மேட்டுச் சாலை வரைக்கும் வீடு வீடாக. கிளாடிஸ் ஆஷ்லைன். வெய்ன் குட்ரோ. ஹோமர் மேபி. ‘ப’வும் ‘ம’வும் வருகிற பெயர்கள் மட்டும் இன்னும் உதட்டில் வழுக்கின. வலது வாயோரம் ஒட்டாமல் காற்றுப் போய்விடும். பெல்கி என்கிற தன் பெயரையே ‘ஹெல்கி’ என்று சொல்லிக்கொண்டு திரிந்த நாட்கள் உண்டு. “மேபி,” என்றாள் இன்னொரு முறை. வந்தது. “வராம எங்க போவ, கழுதை,” என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் பெயருக்குப் போனாள்.

எல்லாம் கசகசா விதை அளவு ஒரு உண்ணி செய்த வேலை. போன ஜூன் மாதம், மேப்பிள் காட்டில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் சாறுக் குழாய்களை அணில் கடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனவளின் முழங்கால் மடிப்பில் ஒட்டிக்கொண்டு, வயிறு முட்டக் குடித்துவிட்டு அது பாட்டுக்கு விழுந்துபோயிற்று. வெர்மான்டில் உண்ணி கடிக்காத ஆள் யார் இருக்கிறார்கள்? அவளும் சொறிந்துவிட்டு மறந்துவிட்டாள். ஆகஸ்டில் ஒரு காலை எழுந்தபோது முகத்தின் வலது பாதி சரிந்து கிடந்தது. காப்பி குடித்தால் கழுத்தில் வழிந்தது. பக்கவாதம் என்று பதறிப்போய்க் கணவன் ஆர்லன் அவளை வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தான். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, லைம் நோய், கிருமி நரம்புக்குள் போய்விட்டது என்றார்கள். கை நரம்பில் குழாய் வைத்து நான்கு வாரம் மருந்து ஏற்றினார்கள். முடிந்ததும் டாக்டரம்மா சொன்னாள்: “கிருமியோட வேலை முடிஞ்சுது. நரம்பு ஆறறதுக்குத்தான் நாளாகும். மாசக்கணக்கா ஆகலாம். அதை விரட்ட முடியாது, ரோவினா.”

விரட்ட முடியாது என்று சொன்னால் ஊர் கேட்குமா? முகம் மெல்லத் தூக்கிக்கொண்டது. ஆனால் சோர்வு போகவில்லை, வலது காதில் ஒரு ரீங்காரம் தங்கிவிட்டது, சொற்கள் வேண்டிய நேரத்தில் வருவதில்லை. ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியத்தோடு வாசலுக்கு வந்தார்கள். தங்கை கோரின் ஏதோ காட்டுக்கொடியின் வேரைச் சாராயத்தில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். அது நாக்கைத் துருப்பிடித்த ஆணி போல ஆக்கியது. பிறகு வெள்ளி கலந்த தண்ணீர். பிறகு உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரிகிற வியர்வைப் பெட்டி. சர்க்கரையை நிறுத்து என்றாள் ஒருத்தி, மேப்பிள் பாகு காய்ச்சிப் பிழைக்கிறவளிடம்! தேனீ வளர்க்கும் வெய்ன் குட்ரோ சனிக்கிழமைதோறும் தன் சமையலறை நாற்காலியில் அவளைத் திருப்பி உட்கார வைத்து, இடுக்கியால் ஒவ்வொரு தேனீயாகப் பிடித்து முதுகெலும்பு நெடுகப் பத்துக் கொட்டு கொட்டவைத்தான். ஆறு சனிக்கிழமை. ஆறாவது சனிக்கிழமை தொண்டை வீங்கி மூச்சுத் திணறியது, டாக்டரம்மா கத்தின கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது.

அவள் ஏமாளி இல்லை. பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். பயந்தவள் எதைக் கொடுத்தாலும் விழுங்குவாள். தேனீயோடு எல்லாவற்றையும் தலை முழுகினாள். பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணின் தாள்களை எடுத்துக்கொண்டு பாகு காய்ச்சும் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். அங்கே பாகு கொதிக்கிற அகலத் தட்டையும் அதன் ஆவியையும் தவிரக் கேட்பார் இல்லை. வருடாவருடம் மார்ச் முதல் செவ்வாயன்று கூடும் ஊர்க்கூட்டத்தின் அறிவிப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பாள். தடுக்கினால் திரும்ப முதலிலிருந்து. மதியம் இரண்டு மணி நேரம் பிணம் போலத் தூங்குவாள். பிறகு மறுபடியும் வாசிப்பாள். பன்னிரண்டு வருடமாக அவள்தான் ஊர்க்கூட்டத் தலைவர். இந்த வருடமும் கூட்டத்தை நடத்துகிறவர் மேசையில் தட்டும் அந்தச் சுத்தியலை அவள்தான் தட்டப்போகிறாள். இதை விட்டுக்கொடுத்தால் சாகிற வரைக்கும் நோயாளி என்கிற பெயர்தான் மிஞ்சும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சமையலறையில் ஆர்லன் இரண்டு தட்டில் முட்டை வைத்துவிட்டுத் தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

“இந்த ஒரு வருஷம் விட்டுடேன், ரோவீ.”

“அடுத்த வருஷம் இதையேதான் சொல்லுவ.”

“அன்னைக்குக் கடையில பால்னு சொல்ல வராம நீ மேசையக் குத்தினியே, எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு அத இன்னொரு தடவ பாக்கறதுக்குத் தெம்பு இல்ல. அதுவும் இருநூறு பேருக்கு முன்னால.”

“உனக்குத் தெம்பு இல்லன்னா கண்ண மூடிக்க.”

அவன் முட்டையை முள்கரண்டியால் நகர்த்தினான். “நான் வெய்ன முன்மொழியப் போறேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். உனக்குத் தெரியாமப் பண்ணக் கூடாதுன்னுதான் இப்பச் சொல்றேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தைவிட அதிகமாக வலித்தது. மருந்துக் குழாயை நாலு வாரம் தினமும் கழுவி மூடிய கை அது. ஒரு நாள் தவறியதில்லை. “பண்ணு,” என்றாள். “கையத் தூக்கு, உன் பேரச் சொல்லிக் கூப்பிடறேன். ஊர்க்காரன் பேசலாம், யாரு தடுக்கறது? அந்த உப்ப இங்க தள்ளு.”

பள்ளிக்கூட உள்விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டிருந்தன. பின்சுவரோரம் மதியச் சாப்பாட்டுக்கான பீன்ஸ் சட்டிகளும் ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட ‘பை’ தட்டுகளும் வரிசையாக நின்றன. காலணிகளிலிருந்து உருகின பனி தரையெல்லாம் சேறாக்கியிருந்தது. இந்த ஊரில் முதல் தீர்மானமே தலைவரைத் தேர்ந்தெடுப்பதுதான். அதைப் பழைய தலைவர்தான் நடத்தவேண்டும். தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தானே நின்று கேட்கவேண்டும். அப்புறம் இன்னொரு விதி. கையைத் தூக்கியவரைத் தலைவர் பெயர் சொல்லி அழைத்தால்தான் அவர் வாயைத் திறக்கலாம். கூரை தீப்பிடித்தாலும் பெயர் சொல்லும்வரை காத்திருக்கிற ஜனங்கள் இவர்கள்.

ரோவினா சுத்தியலைத் தட்டினாள். “முதல் தீர்மானம். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். யார முன்மொழியறீங்க?”

ஒரு கை. “கிளாடிஸ் ஆஷ்லைன்.”

“ரோவினா பெல்கிய முன்மொழியறேன், தலைவரம்மா.”

இன்னொரு கை. “ஹோமர் மேபி.” ‘ம’ சுத்தமாக விழுந்தது. அவன் வழிமொழிந்தான்.

“வேற யாரும்?”

ஐந்தாவது வரிசையில் அவள் கணவன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். ரோவினா அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

முகம் தெரிந்தது. அந்தச் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தைத்தது தான்தான் என்று தெரிந்தது. அவன் அப்பா பெயர்கூட நினைவுக்கு வந்தது. ஆனால் அவன் பெயர் இருந்த இடம் துடைத்துவிட்ட பலகையாகக் கிடந்தது. காலையில் கண்ணாடி முன்னால் ஊரில் அத்தனை வீட்டையும் சுற்றினவள், தன் வீட்டைச் சொல்லிப் பார்க்கவில்லை. எவள் சொல்லிப் பார்ப்பாள்?

அவன் தன் பெயரைத் தானே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லமாட்டான். நாற்பது வருடம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தவன், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெயர் வருகிறவரை நிற்பான். அவன் முகம் மட்டும் மெல்லச் சிவந்தது. முன்வரிசையில் கோரின் வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் “ஆ… ஆ…” என்று காட்டிக்கொண்டிருந்தாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்ததும் ரோவினாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“தலைய நிமித்துங்க எல்லாரும். இது சாவு வீடு இல்ல,” என்றாள். “கோரின், வாய மூடு. எனக்குப் பேர் வரல. நோய் வந்து தின்னுட்டுப் போன இடத்துல அதுவும் ஒண்ணு. வர்றப்ப வரும்.” சுத்தியலின் பிடியால் அவனைச் சுட்டினாள். “முப்பத்தொரு வருஷமா என் போர்வைய இழுத்துக்கிட்டுத் தூங்கற மனுஷன் கையத் தூக்கியிருக்கார். அவர் பேசலாம்.”

ஹோமர் மேபி பன்றி போல ஒரு சத்தம் போட்டுச் சிரித்தான், கூடமே வெடித்தது. அவள் கணவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் காலையில் சொன்னதைச் செய்தான்.

“வெய்ன் குட்ரோவ முன்மொழியறேன்.”

சிரிப்பு அறுந்தது. “அடப்பாவி!” என்று எவளோ முணுமுணுத்தாள்.

“வழிமொழியறது யாரு?” என்றாள் ரோவினா. முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. “கோரின் டேலி.”

“வழிமொழியறேன். உன் உடம்புக்காகத்தான், அக்கா…”

“இங்க அக்கா கிடையாது. தலைவரம்மா. வெய்ன் குட்ரோ, உனக்குச் சம்மதமா?”

வெய்ன் எழுந்து கழுத்தைச் சொறிந்தான். “உன் நல்லதுக்குன்னுதான் நானும்…”

“தேனீய விட்டு அறுபது கொட்டு கொட்டவச்சதும் என் நல்லதுக்குத்தான். சம்மதமா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“சம்மதம்,” என்று சொல்லிவிட்டு, சிரிப்பொலிக்கு நடுவே அவசரமாக உட்கார்ந்தான்.

அவள் கையைத் தூக்கினாள். “ரோவினா பெல்கி வேணும்கறவங்க, ஆம் சொல்லுங்க.” ஆம் என்று ஒரு பெரிய சத்தம் எழுந்து கூரையில் மோதியது. “வெய்ன் குட்ரோ வேணும்கறவங்க.” ஆம் என்று இன்னொரு சத்தம். அதுவும் சின்னதில்லை.

எது பெரியது? இதைத்தான் பன்னிரண்டு வருடமாக அவள் காது அரை நொடியில் சொல்லிவந்தது. இப்போது வலது காதில் அந்த ரீங்காரம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பாதி ஊரின் குரலை அது அப்படியே விழுங்கிவிட்டது. முதல் சத்தம் பெரியது என்று சொல்லிவிடலாம். தலைவர் சொன்னதுதான் சொல், யாரும் எதிர்த்து எழமாட்டார்கள். பரிதாபப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். சுத்தியல் வேண்டும், நெஞ்சு பதறுகிற அளவுக்கு வேண்டும். ஆனால் பிச்சையாக வேண்டாம்.

“எனக்குச் சந்தேகமா இருக்கு,” என்றாள். “வலது காது சரியாக் கேக்கல. இதுக்கு முன்னால எந்தத் தலைவரும் தன் காதையே சந்தேகப்பட்டதில்ல, இன்னைக்குப் பாத்துக்கங்க. ரோவினா பெல்கி வேணும்கறவங்க எழுந்து நில்லுங்க. நான் எண்ணறேன்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவள் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் நின்று, விரலை நீட்டி முதல் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். கொட்டகை ஆவியில் பாகு வாளிகளை எண்ணிப் பழகியதுபோல, ஒவ்வொன்றையும் வாய்விட்டு. எதையும் தாண்டாமல், எதையும் இரண்டு தரம் சொல்லாமல். கிளாடிஸ் பன்னிரண்டு. கோரின் உட்கார்ந்தே இருந்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. ஹோமர் முப்பத்தொன்று.

நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ஐந்தாவது வரிசைக்கு வந்தாள்.

அவள் கணவன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தான். முழங்கால் மடங்கியிருந்தது. பின்பக்கம் நாற்காலியைத் தொடவுமில்லை, விலகவுமில்லை. தொப்பி தரையில், சேற்றில் விழுந்து கிடந்தது. அவளுடைய விரல் அவனுக்கு நேராக வந்து நின்றது. அப்போது, தேடாமல், கூப்பிடாமல், அந்தப் பெயர் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது.

“ஆர்லன் பெல்கி,” என்றாள். ‘ப’ துல்லியமாக விழுந்தது. “நிக்கறியா, உக்காந்திருக்கியா? பாதியில நின்னா எண்ண முடியாது.”

அவன் அவளைப் பார்த்தான். ஊரே திரும்பி அவனைப் பார்த்தது. அவள் விரலை இறக்கவில்லை.